கடை மேலாளரின் கூலியில்லாத மணிநேரங்கள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2006இல் ஒரு ஃபெடரல் நீதிமன்ற ஜூரி, ஃபேமிலி டாலர் என்ற மலிவு விலைக் கடை நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வழக்காடியவர்கள் அந்த நிறுவனத்தின் கடை மேலாளர்கள். இறுதியில் எண்ணிக்கை 1,424. வாரத்துக்கு 60 முதல் 70 மணி நேரம் வேலை செய்தோம், 40 மணிக்கு மேற்பட்ட ஒரு மணிக்குக்கூட ஓவர்டைம் கூலி கிடைக்கவில்லை என்பதே அவர்கள் வழக்கு. நிறுவனம் தந்த பதில் சுருக்கமானது: அவர்கள் மேலாளர்கள், நிர்வாகிகளுக்கு ஓவர்டைம் கிடையாது என்று சட்டமே சொல்கிறது. அந்த மேலாளர்கள் தங்கள் நேரத்தில் 80 முதல் 90 சதவீதத்தை உடலுழைப்பில்தான் கழித்தார்கள் என்பதற்கான சாட்சியத்தை ஜூரி கேட்டது. லாரியிலிருந்து சரக்கு இறக்கினார்கள், அலமாரிகளை அடுக்கினார்கள், கேஷ் கவுண்டரில் நின்றார்கள், தரையையும் கழிவறையையும் வண்டி நிறுத்துமிடத்தையும் சுத்தம் செய்தார்கள். கொடுக்காத கூலியும் அதற்குச் சமமான இழப்பீடுமாகச் சேர்ந்து தொகை 3 கோடியே 55 லட்சம் டாலரைத் தாண்டியது. 2008 டிசம்பரில் அட்லாண்டாவில் உள்ள பதினோராவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆனால் 2011இல் ரிச்மண்டில் உள்ள நான்காவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதே நிறுவனத்தின், அதே பதவியில் இருந்த வேறொரு கடை மேலாளரின் வழக்கு வந்தபோது தீர்ப்பு தலைகீழானது. அவர் நிர்வாகிதான், ஓவர்டைமுக்கு உரிமை இல்லை என்றது அந்த நீதிமன்றம். வழக்கு ஜூரி வரைக்கும்கூடப் போகவில்லை.

ஒரே சட்டம், ஒரே நிறுவனம், ஒரே பதவிப் பெயர், எதிரெதிரான இரண்டு முடிவுகள். நீதிபதிகளின் மனப்போக்கு வேறுபட்டது என்று சொல்லி இதை முடித்துவிடலாம். சிக்கல் அதைவிட ஆழமானது என்பது என் கருத்து. அமெரிக்கச் சட்டம் கடை மேலாளரிடம் தவறான கேள்வியைக் கேட்கிறது. ‘கடைக்குப் பொறுப்பாளி யார்?’ என்று அது கேட்கிறது. அந்தக் கேள்விக்கு மேலாளர் என்ற ஒரே பதில்தான் உண்டு. கேட்க வேண்டியது, ‘கடையில் எத்தனை மணி நேர உழைப்பை அமர்த்தலாம் என்று முடிவு செய்வது யார்?’ என்பதுதான். அந்த அதிகாரம் மேலாளரிடம் இல்லையென்றால், குறைந்த ஆட்களால் விழும் பள்ளத்தைத் தன் உடம்பால் நிரப்புவது அவர் எடுத்த நிர்வாக முடிவு ஆகாது; அது தலைமையகம் அவர் மீது சுமத்திய வேலை. அதற்குக் கூலி தர வேண்டும்.

இதை நிறுவச் சட்டத்தின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். 1938 ஜூன் 25 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 25 சென்ட் என்று வைத்தது. வாரத்துக்கு 44 மணியில் தொடங்கி, 1940 முதல் 40 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி என்று விதித்தது. இந்த ஒன்றரை மடங்குக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு என்று 1942லேயே உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதிகம் உழைப்பவருக்கு ஈடு செய்வது ஒன்று. ஒருவரைக் கசக்கிப் பிழிவதைவிட இன்னொருவரை வேலைக்கு வைப்பது முதலாளிக்கு மலிவாகும்படி செய்வது மற்றொன்று. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்த பத்தாண்டில் பிறந்த சட்டம் என்பதால் இரண்டாவது நோக்கம் அதன் அடித்தளத்திலேயே இருந்தது. உண்மையான நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அதே சட்டம் விலக்கும் அளித்தது. அந்த விலக்குக்கான எல்லையை வரையறுக்கும் வேலையைத் தொழிலாளர் துறைக்கு விட்டுவிட்டது. விலக்கின் நியாயம் எளிதில் புரியக்கூடியது: நிர்வாகிக்கு நல்ல சம்பளமும் பதவி உயர்வுக்கான வழியும் உண்டு, அவருடைய வேலையை மணிக்கணக்கில் அளப்பது கடினம், அதைப் பிரித்து இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. சில்லறைக் கடைகளைப் பொறுத்தவரை இந்தச் சட்டம் நெடுநாள் எட்டிப் பார்க்கவே இல்லை. பெரும்பாலும் ஒரே மாநிலத்துக்குள் விற்கும் கடைகளுக்குத் தொடக்கத்தில் முழு விலக்கு இருந்தது. 1961 திருத்தத்துக்குப் பிறகுதான் பெரிய சில்லறை நிறுவனங்களின் தொழிலாளர்கள் சட்டத்தின் நிழலுக்கு வந்தார்கள்.

நிர்வாகி யார் என்று முடிவு செய்ய மூன்று அளவுகோல்கள் வந்தன. மணிக்கூலியாக இல்லாமல் நிலையான சம்பளம் பெற வேண்டும். அந்தச் சம்பளம் ஒரு வரம்புக்குக் குறையக் கூடாது. முதன்மைக் கடமை நிர்வாகமாக இருக்க வேண்டும். நெடுங்காலம் இவற்றோடு நான்காவது ஒன்றும் இருந்தது. குறைந்த சம்பள வரம்பின் கீழ் வரும் நிர்வாகி, தன் நேரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் சாதாரண வேலை செய்யக் கூடாது. சில்லறைக் கடைகளுக்கு மட்டும் 1961இல் அது 40 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. சம்பளம் அதிகமாக இருந்தால் இந்த நேரக் கணக்குப் பார்க்கப்படாது. 1975இல் அந்த உயர்ந்த வரம்பு வாரத்துக்கு 250 டாலர். அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 10 சென்ட். குறைந்தபட்சக் கூலியில் 40 மணி நேரம் உழைத்தவர் வாரத்துக்கு 84 டாலர் பெற்றார். நேரக் கணக்கு பார்க்கப்படாத நிர்வாகி ஏறத்தாழ அதைப் போல் மூன்று மடங்கு பெற்றாக வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு நியாயம் இருந்தது.

அதன் பிறகு 29 ஆண்டுகள் அந்த வரம்புகள் அசையவே இல்லை. விலைவாசி அவற்றைத் தின்று தீர்த்தது. 2004இல் புஷ் அரசு விதிகளைத் திருத்தியபோது வாரத்துக்கு 455 டாலர் என்று ஒரே வரம்பை வைத்தது. நேர சதவீதக் கட்டுப்பாட்டை முழுக்க நீக்கியது. பழைய முறையில் குறைந்த சம்பளத்துக்குக் கடுமையான சோதனை, கூடுதல் சம்பளத்துக்கு இளகிய சோதனை என்று இருந்தது. புதிய விதி குறைந்த சம்பளத்தோடு இளகிய சோதனையைச் சேர்த்துக் கட்டியது. 2009 ஜூலையில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலராக உயர்ந்தபோது, 455 டாலர் என்பது 40 மணி நேரக் குறைந்தபட்சக் கூலியைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சட்ட விலக்குப் பெற்ற நிர்வாகிக்குக் குறைந்தபட்சக் கூலிப் பாதுகாப்பும் கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 455 டாலர் சம்பளத்தில் வாரம் 65 மணி நேரம் உழைக்கும் கடை மேலாளருக்கு மணிக்குக் கிடைப்பது சரியாக 7 டாலர். அதே 65 மணி நேரத்தைக் குறைந்தபட்சக் கூலியில் உழைக்கும் ஊழியர், ஓவர்டைமும் சேர்த்து, 561 டாலர் 88 சென்ட் பெறுவார். கடையின் சாவியை வைத்திருப்பவர் கடையின் மிகக் குறைந்த கூலிக்காரரைவிட வாரம் ஏறத்தாழ 107 டாலர் குறைவாகப் பெறுவதை ஒரு சட்டம் அனுமதித்தது என்றால், அந்தச் சட்டத்தின் விலக்கு தன் நியாயத்தை இழந்துவிட்டது என்றுதான் பொருள்.

சம்பள வரம்பு பலமிழந்ததும் எல்லாச் சுமையும் ‘முதன்மைக் கடமை’ என்ற சோதனையின் மீது விழுந்தது. நீதிமன்றங்கள் அதை ஏற்கெனவே முதலாளிகளுக்குச் சாதகமாக வளைத்திருந்தன. 1982இல் பர்கர் கிங் உதவி மேலாளர்கள் பற்றிய வழக்குகளில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒரு கருத்தை நிலைநாட்டின: கடையின் பொறுப்பில் இருப்பவர் பெரும்பாலான நேரம் மற்றவர்களைப் போலவே வேலை செய்தாலும், அவருடைய முதன்மைக் கடமை நிர்வாகமாக இருக்க முடியும். சாலையோரக் கடைகளை நடத்திய ஸ்டக்கீஸ் நிறுவனத்தின் மேலாளர்கள் 65 முதல் 90 சதவீத நேரம் நிர்வாகமல்லாத வேலை செய்தார்கள். 1991இல் எட்டாவது வட்ட நீதிமன்றம் அவர்களையும் நிர்வாகிகள் என்றே வைத்தது. 2004 விதிகள் இந்தப் போக்கை எழுத்தில் பதித்தன. சில்லறைக் கடையின் உதவி மேலாளர் வாடிக்கையாளருக்குப் பரிமாறலாம், சமைக்கலாம், அலமாரி அடுக்கலாம், சுத்தம் செய்யலாம், அதனாலேயே விலக்கு போய்விடாது என்று ‘ஒரே நேரத்தில் இரு கடமைகள்’ பற்றிய விதி வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் அதே விதியில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறது, அதைத்தான் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் அவசரமாகக் கடந்து போகிறார்கள். சாதாரண வேலையை எப்போது செய்வது என்பதைப் பொதுவாக நிர்வாகியே முடிவு செய்கிறார். அதுதான் அவரை மற்ற ஊழியரிடமிருந்து பிரிக்கிறது என்கிறது அந்த வாக்கியம். கவுண்டரில் கூட்டம் சேர்ந்துவிட்டது, கொஞ்ச நேரம் நானே நிற்கிறேன் என்று இறங்குபவர் நிர்வாகி. நிற்க வேறு ஆளே இல்லாததால் நாள் முழுதும் நிற்பவரை அந்த விதி நிர்வாகி என்று சொல்லவில்லை.

ஃபேமிலி டாலர் வழக்கின் சாட்சியத்தை இந்த வாக்கியத்தின் அருகில் வைத்துப் பார்க்கலாம். எந்தப் பொருளை விற்பது, என்ன விலை, எந்த அலமாரியில் எப்படி அடுக்குவது எல்லாம் தலைமையகத்திலிருந்து வந்தன. கடையை எப்படி நடத்துவது என்று விரிவான கையேடுகள் வந்தன. பல கடைகளுக்கு மேலே ஒரு மாவட்ட மேலாளர் இருந்து மேற்பார்த்தார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒவ்வொரு கடைக்கும் ஊழியர் செலவுக்கு எவ்வளவு என்ற வரவு செலவுத் திட்டம் மேலிருந்து வந்தது. அந்தத் தொகை கொஞ்சம். மணிக்கூலி ஊழியருக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் அந்தத் தொகை தாண்டிவிடும். மேலாளர் கூடுதலாக எத்தனை மணி நேரம் உழைத்தாலும் தாண்டாது. நிறுவனம் தன் கடை மேலாளர்கள் அத்தனை பேரையும் ஒட்டுமொத்தமாக விலக்குப் பிரிவில் வைத்திருந்தது. அவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஆய்வு எதுவும் நடத்தவில்லை என்பதும் வெளிப்பட்டது. சட்டத்தைத் தெரிந்தோ பொறுப்பின்றியோ மீறினார்கள் என்று ஜூரி முடிவு செய்ய இது உதவியது. அந்த முடிவால் இரண்டு ஆண்டுக்குப் பதில் மூன்று ஆண்டுக் கூலியைக் கேட்கும் வாசல் திறந்தது. இரட்டிப்பு இழப்பீட்டுக்கும் தடை இல்லாமல் போனது.

ஊழியர் செலவுத் தொகை எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். ஒரு கடை நாளுக்கு 12 மணி நேரம், வாரம் முழுதும் திறந்திருக்கிறது. மொத்தம் 84 மணி. எப்போதும் இரண்டு பேராவது இருந்தாக வேண்டும் என்றால் 168 மணி. லாரி வரும் நாளில் சரக்கு இறக்கவும் கடை மூடிய பின் துடைக்கவும் இன்னொரு 12 மணி. ஆக, கடை நடக்க 180 மணி நேர உழைப்பு வேண்டும். மணிக்கூலி ஊழியர்களுக்காகத் தலைமையகம் ஒதுக்குவது 115 மணி என்று வைத்துக்கொள்வோம். மீதி 65 மணி மேலாளருடையது. அவர் திறமைசாலியா, சோம்பேறியா, வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கத் தெரிந்தவரா என்பதெல்லாம் இந்தக் கழித்தலில் எங்கும் வரவில்லை. ஒதுக்கீடு 140 மணியாக இருந்தால் அவர் வாரம் 40 மணியில் வீட்டுக்குப் போவார். அந்த 25 மணியை வெட்டியவர் நூறு மைல் தள்ளி, ஒரு விரிதாளின் முன் உட்கார்ந்திருப்பவர். கடையின் லாபக் கணக்கில் அந்த 25 மணிக்குச் செலவு பூஜ்யம். இரண்டு முழுநேர ஊழியருக்கு ஈடான, அதாவது வாரம் 80 மணி நேர உழைப்பை மேற்பார்வையிட்டால்தான் நிர்வாகி விலக்கு கிடைக்கும் என்று விதி சொல்வதால், ஒதுக்கீட்டுக்கு ஒரு கீழ்வரம்பு இருக்கிறது. மேலாளரின் மணிநேரத்துக்கு மேல்வரம்பு எதுவும் இல்லை. 1938 சட்டத்தின் இரண்டாவது நோக்கம், கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஆள் வைக்கத் தூண்டுவது, இங்கேதான் முறிகிறது. மேலாளரின் மணிநேரத்துக்கு விலை இல்லாத வரை இன்னொருவரை அமர்த்த எந்தத் தூண்டுதலும் இல்லை.

நான்காவது வட்ட நீதிமன்றத்தின் வாதத்தையும் அதன் பலத்தோடு கேட்க வேண்டும். அந்த மேலாளர் கடையில் இருந்தபோது அவருக்கு மேல் அங்கே யாரும் இல்லை. ஊழியர்களை அவர்தான் ஒருங்கிணைத்தார், வாடிக்கையாளர் புகாரை அவர்தான் தீர்த்தார், கடை லாபத்தில் ஓடினால் அதன் பலனும் அவருக்கு வந்தது. கவுண்டரில் நிற்கும்போதும் அவர் நிர்வாகம் செய்துகொண்டேதான் இருந்தார் என்பது நீதிமன்றத்தின் பார்வை. பொறுப்பு என்பது நேரத்தைப் பொறுத்ததல்ல என்ற இந்த வாதம் வலுவானது. தன் சொந்த உணவகத்தில் நாள் முழுதும் தோசைக் கல்லின் முன் நிற்பவர் முதலாளி இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நேர சதவீதத்தை மட்டும் வைத்து நிர்வாகியைத் தேடினால், கை அழுக்காகும் நல்ல நிர்வாகி தண்டிக்கப்படுவார், அறைக்குள் உட்கார்ந்திருப்பவர் பிழைப்பார். ஆனால் உணவக முதலாளிக்கு இருப்பதும் கடை மேலாளருக்கு இல்லாததும் எது? இன்னொரு ஆளை வைக்க நினைத்தால் முதலாளியால் வைக்க முடியும். அதன் செலவும் அவருடையது, வைக்காததன் சேமிப்பும் அவருடையது. ஃபேமிலி டாலர் மேலாளர் ஆள் வைக்காததால் மிச்சமான கூலியில் பெரும்பகுதி நிறுவனத்துக்குத்தான் போனது. பொறுப்பு கடையில், அதிகாரம் தலைமையகத்தில், சேமிப்பும் தலைமையகத்தில் என்று இருக்கும்போது, பொறுப்பை மட்டும் எடுத்துக் காட்டி விலக்கு அளிப்பது சரியல்ல.

அந்த இரண்டு வழக்குகளும் வெவ்வேறு முடிவுக்குப் போனதற்கு வழக்கு நடைமுறைக்கும் பங்கு உண்டு. அலபாமாவில் வழக்குக் கூட்டாக நடந்தது. ஒரே மாதிரியான கையேடு, ஒரே மாதிரியான ஊழியர் செலவு ஒதுக்கீடு, ஒரே மாதிரியான மேற்பார்வை என்ற பொதுக் கோலம் ஜூரியின் கண்ணுக்குத் தெரிந்தது. ரிச்மண்டுக்குப் போனது தனி ஒருவரின் கதை. அங்கே கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பெண்ணும் அவருடைய கடையும். தனி ஆளை மட்டும் பார்த்தால் அவர் எடுத்த சிறு சிறு முடிவுகள் பெரிதாகத் தெரியும். ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் அவர்கள் எடுக்க முடியாத ஒரே முடிவு தெரியவரும். கூலி வழக்குகளில் கூட்டு நடவடிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அந்தக் கூட்டு நடவடிக்கையே இப்போது நலிந்துவருகிறது. இந்தச் சட்டத்தில் ஒருவர் வழக்குப் போட்டால் மற்றவர்கள் தாமாகச் சேர்ந்துவிடுவதில்லை. ஒவ்வொருவரும் எழுத்தில் சம்மதம் தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை அவரவருடைய காலவரையறை ஓடிக்கொண்டே இருக்கும். மற்ற ஊழியர்களுக்கு நீதிமன்றம் அறிவிப்பு அனுப்ப உதவலாம் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2021இல் ஐந்தாவது வட்டமும் 2023இல் ஆறாவது வட்டமும் அந்த அறிவிப்புக்கான நிபந்தனைகளை இறுக்கின. எல்லாவற்றையும்விடப் பெரிய அடி 2018 மே மாதம் விழுந்தது. வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் தனித்தனி நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொண்டிருந்தால், ஊழியர்கள் கூட்டாக வழக்காட முடியாது என்று எபிக் சிஸ்டம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நீதிபதி கின்ஸ்பர்க் கடுமையான மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தியைச் சேர்த்தாலே, அலபாமாவில் நடந்ததைப் போன்ற ஒரு வழக்கு இன்று தொடங்காமலே போய்விடலாம்.

இந்த வழக்குகளால் லாபம் வழக்கறிஞர்களுக்குத்தான், ஊழியருக்கு மிஞ்சுவது சில்லறை என்று ஓர் ஆட்சேபம் உண்டு. வென்றால் ஊழியரின் வழக்கறிஞர் கட்டணத்தை நிறுவனமே தர வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மை. அது இல்லாவிட்டால், வாரம் 455 டாலர் வாங்குபவரின் சில ஆயிரம் டாலர் பாக்கிக்காக எந்த வழக்கறிஞரும் ஆண்டுக்கணக்கில் உழைக்க மாட்டார். அலபாமா வழக்கு தொடங்கியது 2001இல். கடைசி மேல்முறையீட்டு மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளியது 2009இல். இந்த எட்டு ஆண்டுத் தாமதத்தை ஆட்சேபிப்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அந்தத் தாமதத்துக்குக் காரணம் வழக்காடும் உரிமை அல்ல, ‘முதன்மைக் கடமை’ என்ற சோதனையின் குழப்பம். கேள்வி தெளிவாக இருந்தால் வழக்கும் சுருங்கும்.

இன்னொரு ஆட்சேபத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. மேலாளர் பதவி கௌரவம் தருகிறது, போனஸ் தருகிறது, மேலே ஏறும் ஏணியாகிறது. பலர் அந்தப் பதவியை விரும்பித்தான் ஏற்கிறார்கள் என்பார்கள். விரும்பி ஏற்றதற்காகக் கூலியை விட்டுக்கொடுக்க முடியாது என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை செய்ய ஒருவர் மனமார ஒப்புக்கொண்டாலும் சட்டம் அதை ஏற்பதில்லை. பதவியின் உண்மையான மதிப்பு என்ன என்பதற்கும் சான்று இருக்கிறது. லாரன் கோஹன், உமித் குருன், புக்ரா ஓசெல் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 2010 முதல் 2018 வரையிலான அமெரிக்க வேலை விளம்பரங்களைப் பரிசீலித்தது. சட்ட வரம்பான 455 டாலரைச் சற்றே தாண்டும் சம்பளத்துக்கு ‘மேலாளர்’ பாணிப் பதவிப் பெயர்கள் 485 சதவீதம் கூடுதலாகத் தென்பட்டன. வரவேற்பறை ஊழியர் ‘முதல் அபிப்பிராய இயக்குநர்’ ஆனார். தரைவிரிப்பைத் துவைப்பவர் ‘தரைவிரிப்பு ஷாம்பு மேலாளர்’ ஆனார். இப்படித் தவிர்க்கப்பட்ட ஓவர்டைம் கூலி ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டாலர் என்பது அவர்களின் கணிப்பு. பதவி கௌரவத்துக்காகத் தரப்பட்டிருந்தால் அது எல்லாச் சம்பள நிலைகளிலும் பரவியிருக்க வேண்டும். சட்டக் கோட்டை ஒட்டி மட்டும் அது குவிந்து நிற்பதற்கு ஒரே விளக்கம்தான் இருக்கிறது.

அப்படியானால் சம்பள வரம்பை உயர்த்திவிட்டால் போதாதா? இரண்டு முறை முயன்றார்கள். ஒபாமா அரசு 2016இல் வரம்பை வாரத்துக்கு 913 டாலராக்க விதி செய்தது. நடைமுறைக்கு வருமுன்னே டெக்சாஸ் ஃபெடரல் நீதிமன்றம் ஒன்று அதை நிறுத்தியது. டிரம்ப் அரசு 2020இல் 684 டாலர் என்று வைத்தது. பைடன் அரசு 2024 ஜூலையில் 844ஆகவும், 2025 ஜனவரியில் 1,128ஆகவும் உயர்த்தத் திட்டமிட்டது. 2024 நவம்பரில் மீண்டும் டெக்சாஸில் ஒரு நீதிமன்றம் அந்த விதியை முழுதாக ரத்து செய்தது. வரம்பு 684க்கே திரும்பியது. வாரம் 65 மணி உழைப்பவருக்கு அது மணிக்கு 10 டாலர் 52 சென்ட். 2025இல் வந்த புதிய வரிச் சட்டம் ஓவர்டைம் கூலியின் கூடுதல் பகுதிக்கு ஆண்டுக்கு 12,500 டாலர் வரை வரி விலக்கும் தந்தது. அந்தச் சலுகையும் இந்தச் சட்டப்படி ஓவர்டைம் பெறுபவருக்குத்தான். மேலாளர் என்று முத்திரை குத்தப்பட்டவருக்கு ஓவர்டைமும் இல்லை, அதன் மீதான சலுகையும் இல்லை.

டெக்சாஸ் தீர்ப்புகளை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனாலும் அவற்றின் தர்க்கம் ஒரு வழியைக் காட்டுகிறது. சட்டம் நிர்வாகியின் கடமையைப் பற்றித்தான் பேசுகிறது. சம்பளத்தை மட்டும் வைத்துக் கடமையை ஓரங்கட்டக் கூடாது என்பது அந்த நீதிமன்றங்களின் வாதம். அதே சமயம், சம்பள வரம்பு ஒன்றை வைக்கத் தொழிலாளர் துறைக்கு அதிகாரம் உண்டு என்று ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது; விலக்கின் எல்லையை வரையறுக்கும் பொறுப்பைச் சட்டமே அந்தத் துறையிடம் தந்திருக்கிறது என்பதே காரணம். ஆக, கடமைச் சோதனையைக் கூர்மையாக்கும் ஒரு விதி, இதுவரை விழுந்த விதிகளைவிட உறுதியான தரையில் நிற்கும். இது நடைமுறைக்கு ஒவ்வாது என்பவர்களுக்குக் கலிஃபோர்னியா பதில் சொல்கிறது. அங்கே பாதிக்கு மேற்பட்ட நேரம் உண்மையான நிர்வாக வேலை செய்தால்தான் விலக்கு. சம்பளமும் மாநிலக் குறைந்தபட்சக் கூலியைப் போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். அந்த மாநிலத்தில் கடைகள் மூடிவிடவில்லை. நேர சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. உழைக்கத் தயங்காத மேலாளரை அது தண்டிக்கும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. நான் கேட்பது வேறொன்று. மேலாளர் சாதாரண வேலை செய்தது அவருடைய தேர்வால்தான் என்று நிறுவும் பொறுப்பு நிறுவனத்தின் மீது இருக்க வேண்டும். அதற்கான சான்று நிறுவனத்திடமே இருக்கிறது: அந்தக் கடைக்கு வாராவாரம் ஒதுக்கிய மணிநேரங்கள், அதைக் கூட்ட மேலாளருக்கு இருந்த அதிகாரம், கூட்டிக் கேட்டபோது கிடைத்த பதில். ஒதுக்கீட்டை மாற்றும் அதிகாரம் மேலாளரிடம் இல்லையென்றால், 40 மணிக்கு மேல் அவர் செய்த சாதாரண வேலை கட்டளைப்படி செய்த வேலையாகக் கொள்ளப்பட வேண்டும்.

விலக்கு விதிகளைக் குறுகலாகத்தான் படிக்க வேண்டும் என்ற பழைய மரபை 2018இல் என்சினோ மோட்டார்கார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவிட்டது. இனி ‘நியாயமான வாசிப்பு’ போதும் என்றது. அந்த வாசிப்பே எனக்கும் போதும். நிர்வாகி தன் வேலையைத் தானே தேர்ந்தெடுக்கிறார் என்ற வாக்கியம் விதியில் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. கடையின் ஆள்பலத்தை நிர்ணயிக்கும் அதிகாரமும் அந்தத் தேர்வில் அடங்கும் என்று இன்னொரு வாக்கியத்தை அதன் பக்கத்தில் எழுத வேண்டும். அதற்கு நாடாளுமன்றம் கூடத் தேவையில்லை. தொழிலாளர் துறையே எழுதலாம், எழுத வேண்டும்.